அச்சிற் பிறந்த ஓவியமும் அதன் காட்சிநூலும்

ஓவியக் காட்சியொன்றையொட்டி வெளியிடப்படும் நூலைப் பெரும்பாலும் நாம் ஒரு துணைப்பொருளாகவே கருதி வந்துள்ளோம். காட்சிக்கு வந்தவருக்கு அது நினைவுப்பொருள். வராதவருக்கு ஒரு பதிலி. ஆராய்ச்சியாளனுக்கு ஒரு பட்டியல். இவற்றுக்கு அப்பால் அந்நூலே ஓவியனைப் பற்றிய ஒரு விமர்சனமாகவும் அமைதல் கூடும் என்பது நம்மிடையே அதிகம் கவனிக்கப்படவில்லை. தாளின் தன்மை, பக்கத்தின் அளவு, படங்கள் ஒன்றையொன்று தொடரும் முறை, வெற்றிடத்தின் விரிவு, எழுத்தின் பருமன் ஆகிய யாவும் ஓவியத்தைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டேயிருக்கின்றன. முன்னுரை எழுதிய பேராசிரியர் ஒன்றைக் கூற, நூலின் தாள் அதற்கு நேர்மாறான வேறொன்றைக் கூறுவதும் உண்டு.

இவ்வுண்மை வேறெந்த ஓவிய இயக்கத்தையும் விடப் பொப் கலை விடயத்திற் கூர்மையாக வெளிப்படுகின்றது. பொப்பிசை 1970களில் நம் நாட்டின் வானொலிகளில் தாராளமாக ஒலித்தது. பொப் ஓவியமோ நூலகத் தட்டுகளிலிருந்த ஒரு சில நூல்களின் வழியாகவே நம்மை வந்தடைந்தது. வோர்ஹோலின் திரைச்சீலைக்கு நேரெதிரே நின்று பார்த்தவர்கள் நம்முள் மிகச் சிலரே. ஏனையோருக்கு நூலிற் கண்டதே ஓவியம். ஆகவே அந்நூலை அமைத்தவர் யார், எக்கருத்துடன் அமைத்தார் என வினவுவது ஓவியத்துக்குப் புறம்பான வினாவன்று.

பொப் ஓவியனின் மூலப்பொருள் எது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். நிலக்காட்சி ஓவியன் மரத்தையும் நீரையும் நோக்கினான். உருவப்பட ஓவியன் தன் முன் அமர்ந்த மனிதனை நோக்கினான். பொப் ஓவியன் நோக்கியது அச்சிட்ட தாளை. வரைகதை ஏட்டின் ஒரு கட்டம், சஞ்சிகை விளம்பரம், திரைப்பட நிறுவனம் விநியோகித்த நடிகையின் நிழற்படம், சூப் தகரத்தின் மேலொட்டிய தாள் ஆகியனவே அவனுக்கு இயற்கை. அச்சிலிருந்து புறப்பட்டுத் திரைச்சீலையை அடைந்த இவ்வோவியத்தை மீண்டும் அச்சிற் பதிப்பவன் விசித்திரமான ஒரு நிலையில் இருக்கிறான். அவன் ஓவியத்தைப் பிரதி செய்கின்றானா, அன்றி அதனைப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்புகின்றானா? வால்ற்றர் பென்யமின் 1936இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், பொறிவழிப் பிரதியாக்கம் மூல ஓவியத்தைச் சூழ்ந்திருந்த ஒளிவட்டத்தை அழிக்கின்றது என வாதிட்டார். அவர் மனத்திற் கொண்டவை, பிரதியாக்கத்துக்கு முன்னரே ஒளிவட்டம் பெற்றிருந்த படைப்புகள். பிரதியிலிருந்தே மூலம் செய்யப்படும் நிலைக்கு அக்கட்டுரையை அப்படியே பொருத்துதல் இயலாது.

இயக்கத்தின் தோற்றுவாயிலேயே இதற்குச் சான்று உண்டு. இலண்டன் வைற்சப்பல் கலைக்கூடத்தில் 1956 ஓகஸ்ற் மாதம் தொடங்கிய ‘இதுவே நாளை’ என்னும் காட்சியிற் பன்னிரண்டு குழுக்கள் பங்குபற்றின. அவற்றுள் ஒன்றைச் சேர்ந்த றிச்சட் ஹமில்ரன் ஒரு சிறிய ஒட்டுப்படத்தைச் செய்தார். தசை புடைத்த ஆடவன் ஒருவன், இருக்கையிற் சாய்ந்த பெண்ணொருத்தி, தகரத்திலடைத்த இறைச்சி, ஒலிப்பதிவுக் கருவி, மோட்டார் நிறுவனச் சின்னம் பொறித்த விளக்குமூடி, சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய வரைகதைப் பக்கம் என நவீன இல்லமொன்று அதிற் காட்சி தருகின்றது. வெட்டுத்துண்டுகள் அமெரிக்கச் சஞ்சிகைகளிலிருந்து வந்தவை. பொப் கலையின் வரலாறு எழுதுவோர் பலரும் இப்படத்திலிருந்தே தொடங்குகின்றனர். அது சுவரில் மாட்டப்படுவதற்காகச் செய்யப்பட்டதன்று. காட்சியின் நூலிலும் சுவரொட்டியிலும் கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதற்காகவே செய்யப்பட்டது. ஏறத்தாழ இருபத்தாறு சதமமீற்றர் உயரமுள்ள அவ்வொட்டுப்படம் இன்று ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரக் கலைக்கூடத்தில் ஓர் ஓவியமாகப் போற்றப்படுகின்றது. மூலம் எது, பிரதி எது? அச்சிட்ட நூற்பக்கமே மூலமென்றும், ரியூபிங்கனில் இருப்பது அச்சகத்துக்குச் சென்ற கையெழுத்துப்படி போன்றதென்றும் ஒருவர் வாதிட்டால் அதனை எளிதில் மறுத்தல் அரிது.

அந்நூலைச் சுருட்கம்பியாற் கட்டி வடிவமைத்தவர் எட்வேட் றைற். பன்னிரண்டு குழுக்களுக்கும் தனித்தனிப் பக்கங்கள் ஒதுக்கப்பட்டன. குழுக்கள் தம் பக்கங்களைக் காட்சிமண்டபத்தின் மேலும் ஓர் அறை போலப் பயன்படுத்திக் கொண்டன. நூல் காட்சியைப் பற்றியதாக அன்றிக் காட்சியின் பகுதியாக அமைந்தமைக்கு இதுவொரு தெளிவான உதாரணம்.

தொழில்நுட்பம் சார்ந்த ஒரு சிக்கலை இவ்விடத்திற் சற்று விரிவாக நோக்குதல் தகும். விமர்சகர்கள் இதனை அச்சகத்தாரின் கவலை எனத் தள்ளிவிடுவதுண்டு. உண்மையில் இது கருத்தின் சிக்கலே. றோய் லிக்ரென்ஸ்ரைனின் ஓவியங்களில் முகங்களும் வானமும் புள்ளிகளால் நிரப்பப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அச்சாளர் பெஞ்சமின் டேயின் பெயரால் வழங்கும் அப்புள்ளிகள், மலிவான தாளில் மலிவான மையினால் இடைநிறங்களைத் தோற்றுவிக்க அச்சுத்தொழில் கண்ட உபாயம். வரைகதை வாசகன் புள்ளியைக் காண்பதில்லை. இளஞ்சிவப்புக் கன்னத்தையே காண்கிறான். லிக்ரென்ஸ்ரைன் அப்புள்ளியை வளர்த்தார். துளையிட்ட தகட்டின் ஊடாக வண்ணத்தைத் தேய்த்து, மறைந்திருக்க வேண்டியதைப் பார்வைக்குரிய பொருளாக்கினார். அவருடைய ஓவியத்தின் கருத்தனைத்தும் அப்புள்ளியின் பருமனிலேயே தங்கியுள்ளது எனலாம்.

இனி அவ்வோவியத்தை நூலிற் பதிப்போம். நூலின் அச்சும் புள்ளிகளாலானதே. நீலம், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறங்களும் நான்கு புள்ளிவலைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றன்மேலொன்று வெவ்வேறு கோணங்களிற் பதிக்கப்படுகின்றன. கோணங்கள் பொருந்தாவிடின் புள்ளிவரிசைகள் தம்முள் மோதி, மொயறே எனப்படும் அலைபோன்ற கோலமொன்றைத் தோற்றுவிக்கும். ஓவியன் இட்ட புள்ளிவரிசையோடு அச்சகத்தின் புள்ளிவரிசைகளும் சேரும்போது இவ்விபத்துக்கான வாய்ப்புப் பன்மடங்காகின்றது. வேட்டியிற் சாயம் பரவியது போன்ற கோலத்துடன் அச்சாகிய லிக்ரென்ஸ்ரைன் பிரதிகள் பல உண்டு. படத்தை மேலும் சிறிதாக்கினால் அலைக்கோலம் மறையலாம். ஆனால் புள்ளிகளும் ஒன்றாகக் கலந்து இளஞ்சிவப்பாக மாறிவிடும். அப்போது வாசகன் காண்பது லிக்ரென்ஸ்ரைனையன்று; அவர் எந்த வரைகதையிலிருந்து தொடங்கினாரோ அந்த வரைகதையையே காண்கிறான். ஓவியன் செய்த வேலை முழுவதையும் நூல் அழித்துவிடுகின்றது. பிறரது வரைகதையைப் பார்த்துப் பெரிதாக வரைந்தவர் என்று அவரை ஏளனஞ் செய்வோர் பலர், நூலின் வழியாக மட்டும் அவரை அறிந்தவர்களாக இருப்பதில் வியப்பில்லை.

இதற்கு மாற்று வழிகள் இல்லாமலில்லை. நான்கு நிற அச்சைக் கைவிட்டு, ஓவியன் பயன்படுத்திய சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு ஆகியவற்றைத் தனித்தனி மைகளாகக் கலந்து தட்டையாகப் பதிக்கலாம். முழு ஓவியத்தையும் சிறிதாக ஒரு பக்கத்திலிட்டு, எதிர்ப்பக்கத்தில் அதன் ஒரு துண்டினை உண்மை அளவில் வெட்டிக் காட்டலாம். முதல் வழி அச்சுச் செலவை உயர்த்தும். இரண்டாவது வழிக்குப் பணம் வேண்டியதில்லை. ஓவியத்தைத் துண்டாடக் கூடாதென்ற மரபை மீறும் துணிவே வேண்டும். யான் இரண்டாவதையே விரும்புவேன்.

நூல் ஓவியனுக்கு உகந்த முறையிலேயே ஆக்கப்பட வேண்டும் என்னும் எண்ணம் பொப் காலத்திலே புதிதாகத் தோன்றியதன்று. ஆனந்த குமாரசுவாமி இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908இல் இங்கிலாந்தின் புரோட் கம்ப்டனில், எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்திற் கையச்சில் தமது மேற்பார்வையிலேயே அச்சிடுவித்தார். பிரதிகள் 425. கைவினைஞரைப் பற்றிய நூலை இயந்திர அச்சிடம் ஒப்படைத்தல் அவ்வினைஞருக்கு இழைக்கும் அநீதி என்னும் நம்பிக்கை அந்நூலின் ஒவ்வொரு தாளிலும் தெரிகின்றது. வில்லியம் மொறிஸ் வழிவந்த அந்த நம்பிக்கையைத் தலைகீழாகப் புரட்டினால் நாம் பொப் ஓவியனின் காட்சிநூலுக்கு வந்துசேர்கிறோம். கையாற் செய்யப்பட்டதற்குக் கையச்சு உகந்ததெனின், பெருந்தொகையாக அச்சிடப்பட்டவற்றிலிருந்து பிறந்த கலைக்கு உகந்தது யாது?

இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் மிகத் துணிச்சலானது ஸ்ரொக்ஹோம் நகரின் மொடேர்னா மியூசியெற் 1968இல் வெளியிட்ட அன்டி வோர்ஹோல் நூல். அவ்வாண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நடைபெற்ற காட்சி, ஐரோப்பிய அருங்காட்சியகமொன்றில் வோர்ஹோலுக்குக் கிடைத்த முதலாவது பெருங்காட்சி. அருங்காட்சியகத்தை வழிநடத்திய பொன்ரஸ் ஹுல்ரேன், நியூயோர்க்கிலிருந்து பணியாற்றிய இளைஞர் காஸ்பர் கேனிக், ஸ்ரொக்ஹோமில் இருந்த ஒலே கிரானத் ஆகியோர் வோர்ஹோலுடன் சேர்ந்து நூலைத் தொகுத்தனர். வடிவமைத்தவர் ஜோன் மெலின். காட்சிக்கெனக் கிடைத்த பணம் சொற்பம். ஆகவே கட்டடத்தின் முகப்பு முழுவதும் பசுத்தலைகள் அச்சிட்ட சுவர்த்தாளால் மூடப்பட்டது. உள்ளே நூற்றுக்கணக்கான பிறில்லோ அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டன. வோர்ஹோல் நியூயோர்க்கில் மரத்தாற் செய்து வண்ணமிட்ட பெட்டிகளல்ல இவை. சவர்க்காரத் தொழிற்சாலையிலிருந்து நேரே தருவிக்கப்பட்ட உண்மையான அட்டைப்பெட்டிகள். (அப்பெட்டியின் வணிக வடிவத்தை முதலில் அமைத்த ஜேம்ஸ் ஹார்வி தாமும் ஓர் ஓவியர், அதுவும் பொப் கலைக்கு எதிர்முனையில் நின்ற சூக்கும ஓவிய மரபினர் என்பது வரலாற்றின் குறும்பு.)

நூலைக் கையிலெடுப்போர் முதலிற் காண்பது மலர்கள். முன்னட்டை, முதுகு, பின்னட்டை யாவும் வோர்ஹோலின் மலர்களால் நிரம்பிப் பளிச்சென ஒளிர்கின்றன. அம்மலர்களுக்கும் ஒரு வரலாறுண்டு. 1964ஆம் ஆண்டு நிழற்படச் சஞ்சிகையொன்றில் வெளியான பற்றீசியா கோல்ஃபீல்டின் படமே அவற்றின் மூலம். தம் படம் அனுமதியின்றி எடுத்தாளப்பட்டதென அவர் வழக்குத் தொடர்ந்தார். வழக்கு இணக்கத்தில் முடிந்தது. சஞ்சிகைத் தாளிலிருந்து பட்டுத்திரைக்கும், பட்டுத்திரையிலிருந்து திரைச்சீலைக்கும், அங்கிருந்து மீண்டும் தாளுக்கும் வந்த மலர்கள் அவை.

அட்டையைத் திறந்ததும் நிறம் மறைந்துவிடுகின்றது. உள்ளே செய்தித்தாட் காகிதம். அறுநூறு பக்கங்களுக்கு மேல். யாவும் கறுப்பு வெள்ளை. தொடக்கத்திற் சில பக்கங்களில் மட்டும் வோர்ஹோலின் கூற்றுகள் ஆங்கிலத்திலும் சுவீடிஷ் மொழியிலும் தரப்பட்டுள்ளன. அறிஞர் கட்டுரை இல்லை. ஆராய்ச்சி முன்னுரை இல்லை. பின்னர் படங்கள், படங்கள், மேலும் படங்கள். ஓவியங்கள் ஒரு பகுதியே. பெரும்பகுதி, ‘தொழிற்சாலை’ என வோர்ஹோல் பெயரிட்டழைத்த நியூயோர்க் கூடத்தின் அன்றாட வாழ்க்கையைப் பில்லி நேம், ஸ்ரீவன் ஷோர் ஆகியோர் எடுத்த நிழற்படங்கள். அவ்வேளையில் ஷோர் இருபது வயதைக்கூட எட்டாத இளைஞர். யாரோ புகைக்கிறார், யாரோ சாய்ந்து கிடக்கிறார், யாரோ தொலைபேசியில் உரையாடுகிறார். அதே முகங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. முக்கியமான படம், முக்கியமற்ற படம் என்ற வேற்றுமை எவ்விடத்திலும் உணர்த்தப்படுவதில்லை.

ஓவியனின் வாழ்க்கையை விளக்குவதற்காக மட்டும் இப்படங்கள் சேர்க்கப்பட்டன என்று கொள்வது தவறு. வோர்ஹோல் 1962இல் லொஸ் ஏஞ்சலிசிற் கம்பெல் சூப் தகரங்களின் முப்பத்திரண்டு ஓவியங்களை வரிசையாக வைத்தபோது, பார்ப்பவனுக்கு மறுக்கப்பட்டது தெரிவுசெய்யும் உரிமையே. எல்லாம் ஒன்றே, பெயர் மட்டும் வேறு. அவருடைய திரைப்படங்கள் பார்வையாளனிடம் மணிக்கணக்கான பொறுமையைக் கோரின. இவ்விரண்டையும் மெலின் நூலின் உடலிலேயே செய்து காட்டுகிறார். அறுநூறு பக்கங்களைப் புரட்டும் கை களைக்கின்றது. வாசகன் எங்கோ ஓரிடத்திற் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் புரட்டத் தொடங்குகிறான். சலிப்பு என்பது வோர்ஹோலின் கருப்பொருள் எனப் பேராசிரியர்கள் கட்டுரைகளில் எழுதினர். இந்நூல் அதனை எழுதவில்லை; நமக்குத் தருகின்றது. இதுவே இந்நூலின் வெற்றியென யான் கருதுகிறேன்.

தாளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். செய்தித்தாட் காகிதம் அரைத்த மரக்கூழாலானது. அதிலுள்ள லிக்னின் ஒளிபட்டுப் பழுப்பாகும். ஒரு நாட் பயன்பாட்டின் பின் எறியப்படுவதற்கென ஆக்கப்பட்ட தாள் அது. எறியப்பட வேண்டிய பொருளை அருங்காட்சியகத்தில் வைத்த ஓவியனுக்கு, அருங்காட்சியகம் எறியப்பட வேண்டிய தாளில் நூல் செய்தளித்தது. அத்தாளிலே மை பரவி நிழல்கள் அடர்ந்து, நுண்விவரங்கள் கரைந்துவிடுகின்றன. பளபளப்புத் தாளில் இது குறையாகும். செய்தித்தாள் நிழற்படத்தை முரட்டுப் புள்ளிகளாக்கிப் பட்டுத்திரையிற் பதித்த ஓவியனிடத்தில் இக்குறையே நேர்மையாகின்றது. மரிலின் மன்றோவின் முகம் வரிசைதோறும் மை மங்கி மறைந்துசெல்லும் 1962ஆம் ஆண்டு இரட்டை ஓவியத்தை நினைவிற் கொண்டோர் இதனை உணர்வர்.

இதனைப் பண்டச் சமுதாயத்துக்கு எதிரான கலகமெனப் புகழ்வோரும் உளர். அவ்வளவுதூரம் செல்ல என்னால் இயலவில்லை. நுகர்வு நாகரிகத்தின் பொருள்களைக் காட்டிய அளவிற்கு, அவற்றை உற்பத்தி செய்த உழைப்பைப் பொப் கலை காட்டவில்லை. சூப் தகரம் உண்டு, தகரத்தை அடைத்த கைகள் இல்லை. நூலிலும் அவ்வாறே. ‘தொழிற்சாலை’ எனப் பெயர்பெற்ற கூடத்தில் வேலை செய்வோரை விட ஓய்ந்திருப்போரே மிகுதியாகத் தோன்றுகின்றனர். மலிவாக விற்பதற்கென ஆக்கப்பட்ட அந்நூலின் முதற்பதிப்புப் பிரதிகள் இன்று அரும்பொருள் வணிகத்திற் பெருவிலை பெறுகின்றன. எனினும், உள்ளடக்கத்தின் எல்லையை ஒப்புக்கொண்ட பின்னரும், அந்த எல்லைக்குள் உருவமும் உள்ளடக்கமும் இத்துணை இணைந்த காட்சிநூலை யான் வேறு அறியேன்.

ஆயின் இந்நூலிடம் எழுப்பவேண்டிய கடுமையான வினா வேறொன்றுண்டு. எதிர்காலத்தில் ஒவ்வொருவரும் பதினைந்து நிமிடம் புகழ்பெறுவர் என்ற பொருள்படும் கூற்று வோர்ஹோலின் பெயரால் உலகெங்கும் வழங்குகின்றது. அது பரவுவதற்கு இந்நூலின் தொடக்கப் பக்கங்களே பெருங்காரணம் என்பர். கூற்றுகளைத் தொகுத்த கிரானத் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவாறு, தமக்கு வந்த எழுத்துக்குவியலில் அது இல்லையென அவர் தெரிவித்தபோது, வோர்ஹோல் சொல்லாவிடினும் சொல்லியிருக்கக் கூடியதே என்ற நியாயத்தில் ஹுல்ரேன் அதனைச் சேர்க்கும்படி கூறினாராம். நகைச்சுவையோடு சொல்லப்படும் கதை இது. பொப் ஓவியனின் காட்சிநூலுக்கு இதைவிடப் பொருத்தமான தொகுப்புநெறி இல்லையென்றுகூட ஒருவர் கூறலாம். தம் ஓவியங்களைப் பிறர் கையாற் செய்வித்தவர், நேர்காணலிற் பதில்களையும் பிறரே சொல்லிவிடட்டும் என விரும்பியவர். அத்தகையவரின் வாயில் ஒரு வாக்கியத்தை வைப்பதிற் குற்றமென்ன?

இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் அதே நியாயம் வேறு வடிவில் மீண்டது. வோர்ஹோல் 1987இல் இறந்தார். 1990இல், ஹுல்ரேனின் ஏற்பாட்டில், சுவீடனின் மால்மோ நகரிற் பிறில்லோ மரப்பெட்டிகள் நூறளவிற் புதிதாகச் செய்யப்பட்டன. பின்னர் அவை 1968ஆம் ஆண்டுக் காட்சியைச் சேர்ந்தவையெனச் சான்றிதழ் பெற்றுச் சந்தைக்கு வந்தன. சுவீடிஷ் நாளேடொன்று 2007இல் இதனை வெளிப்படுத்தியது. வோர்ஹோல் படைப்புகளின் மெய்மையை ஆராயும் சபை 2010இல் வெளியிட்ட அறிக்கையில், அப்பெட்டிகள் ஓவியர் இறந்த பின் செய்யப்பட்டவையென உறுதிசெய்தது. 1968இல் அடுக்கப்பட்டவை அட்டைப்பெட்டிகளே என்பதற்கு அக்காட்சியின் நிழற்படங்களும் பார்த்தவர்களின் சாட்சியமும் துணைநின்றன. ஹுல்ரேன் 2006இற் காலமாகிவிட்டமையால் அவரது விளக்கத்தை எவரும் கேட்க முடியவில்லை.

சொல்லியிருக்கக் கூடிய வாக்கியத்துக்கும் செய்யப்பட்டிருக்கக் கூடிய பெட்டிக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதை விடக் குறுகியது. நூலுக்குள் இருக்கும்வரை அது ஓவியனின் கருத்தோடு விளையாடும் விளையாட்டு. விலைச்சீட்டு ஒட்டப்பட்டதும் அது பொய்ச்சான்று. காட்சிநூல் ஒரு கலைப்பொருளாக விரும்பும் வேளையிலும் ஓர் ஆவணமாக இருக்கும் கடமையிலிருந்து விலக முடியாதென்பதை இவ்விவகாரம் நமக்குக் காட்டுகின்றது. எது எந்த ஆண்டில், எப்பொருளால், யாரால் செய்யப்பட்டது. எது சுவரில் இருந்தது, எது நூலில் மட்டும் இருந்தது என்ற சலிப்பூட்டும் பட்டியலை அந்நூல் பெரிதாக மதிக்கவில்லை. பட்டியல் சலிப்பூட்டுவதே. ஆயினும் வோர்ஹோலின் நூலிற் சலிப்புக்கு இடமில்லையென எவரும் கூறமுடியாதல்லவா?

ஸ்ரொக்ஹோம் நூலின் பின் வந்தோர் அதன் துணிவைக் கண்டனர், எளிமையைக் காணவில்லை. கொலோன் நகர அருங்காட்சியகம், லூட்விக் சேகரிப்பைக் காட்சிப்படுத்தியபோது 1969இல் வெளியிட்ட ‘அறுபதுகளின் கலை’ என்னும் நூல் அடிக்கடி விதந்து கூறப்படுவது. அமைத்தவர் வுல்ப் வொஸ்ரெல். கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் அட்டை, ஆணி முறுக்கிய முதுகு, பொதிதாள் மீது ஒட்டிய வண்ணப்படங்கள், அவற்றை மூடிய ஒளிபுகு தாள்களில் ஓவியர்களின் உருவங்கள். பார்த்தவுடன் வியப்பு, பத்தாவது ஓவியருக்கு வரும்போது அயர்வு. அங்கே எல்லா ஓவியருக்கும் ஒரே உத்தி. அது வொஸ்ரெலின் படைப்பேயன்றி எவ்வொருவரைப் பற்றிய வாசிப்புமன்று. வோர்ஹோல் தாமே 1967இல் வெளியிட்ட ‘இன்டெக்ஸ்’ நூலும், விரித்தால் எழுந்து நிற்கும் தாளுருக்களுடன், விளையாட்டுப் பொருளின் தரத்தைத் தாண்டவில்லை என்பது என் கருத்து.

அண்மைத் தசாப்தங்களின் பெருங்காட்சிநூல்கள் வேறு திசையிற் சென்றுள்ளன. கனத்த பளபளப்புத் தாள், நான்கு புறமும் அகன்ற வெள்ளை ஓரம், ஓவியத்துக்கு ஒரு பக்கம், எதிரே வெறுமை. நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 1989இல் நடத்திய வோர்ஹோல் பின்னோக்குக் காட்சிக்குக் கைனஸ்ரன் மக்ஷைன் பதிப்பித்த நூல் போன்றவற்றின் ஆராய்ச்சிப் பயனை யான் குறைத்து மதிக்கவில்லை. ஆண்டு வரிசையும் கட்டுரைகளும் இன்றி எவரும் இத்துறையில் எழுத முடியாது. ஆனால் அவ்வெள்ளை ஓரம் மௌனமாக ஒரு பொய்யைச் சொல்கின்றது. ஈயோடும் புழுதியோடும் கடைத்தட்டில் இருந்த பொருளை ஆலயத்து விக்கிரகமாக்கி, அதனைச் சூழப் பிரகாரம் அமைத்துவிடுகின்றது. பென்யமின் மறைந்ததெனக் கூறிய ஒளிவட்டத்தைச் செயற்கையாக அச்சிட்டுத் தருவது இவ்வெள்ளை ஓரமே. அதனைக் கண்டு பழகிய மாணவன், வோர்ஹோலையும் ரபாயேலையும் ஒரே வகை மரியாதையுடன் நோக்கக் கற்றுக்கொள்கிறான். இருவரையும் அவன் பிழையாகவே அறிகிறான்.

இனி இத்தகைய நூலொன்றை அமைக்க முற்படுபவர் இருவகைத் தாள்களைக் கையாளுவதிலே தவறில்லை என்பேன். படங்களுக்கு முரட்டுத் தாள். பட்டியலுக்கும் ஆண்டுக்குறிப்புகளுக்கும், மூலமான விளம்பரம் அல்லது வரைகதைக் கட்டத்தின் விவரத்துக்கும் நீடித்து நிற்கும் தாள். படத்தின் கீழே அளவைச் சதமமீற்றரில் எழுதினால் போதுமென்ற வழக்கமும் திருத்தப்பட வேண்டும். எண்ணைப் படித்து எவரும் அளவை உணர்வதில்லை. லிக்ரென்ஸ்ரைன் 1963இல் வரைந்த ‘வாம்!’ இதற்கு நல்ல சோதனை. இலண்டன் றேற் கலைக்கூடத்திலுள்ள அவ்வோவியம் நான்கு மீற்றர் அகலமானது, இரு திரைச்சீலைகளாலானது. இடப்புறத்து விமானம் ஏவிய கணை, இணைப்பைக் கடந்து சென்று வலப்புறத்து விமானத்தை வெடிக்கச் செய்கின்றது. மூல வரைகதையில் அது ஒரே கட்டம். இரண்டாகப் பிரித்தவர் ஓவியரே. நூல் வடிவமைப்பாளர் பலர் இவ்வோவியத்தை ஒரே பக்கத்துக்குள் ஒடுக்கிவிடுகின்றனர், நடுமடிப்பிற் படம் அறுபடக் கூடாதென்ற அச்சத்தால். ஓவியரே அறுத்த இடத்தில் மடிப்பு வருமாறு எதிரெதிர்ப் பக்கங்களில் இரு பாதிகளையும் ஓரமின்றி அச்சிட்டால், கணை நூலின் மடிப்பைக் கடந்து பாய்வதை வாசகன் காண்பான். அளவு அப்போதும் எட்டில் ஒரு பங்கேயாயினும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தலையைத் திருப்பவேண்டிய கட்டாயம், றேற் கலைக்கூடத்தில் அதன் முன் நிற்பவனுக்கு நேர்வதைப் போலவே, அவனுக்கும் நேரும்.